வரிசையில் ஒரு நீலக் கேன்

சமாதானத்துக்கு நாற்காலி துடைக்கப் பெண்கள் வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

செய்தி வந்தபோது பம்பு அக்கா மோட்டாரின் அடியில் ஒருக்களித்துப் படுத்து, எண்ணெய் கசியும் இடத்தில் கந்தல் சுற்றிக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் பம்பு அக்காதான். அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைக் கூப்பிட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவள் புருஷன். சண்டையின் இரண்டாம் வருஷம் ஃபியூஸ் போடப் போனவர் கம்பத்தடியிலேயே சுருண்டு விழுந்தார். இன்னொருத்தி அவள் தங்கச்சி.

"எத்தனை நாற்காலியாம்?" என்று மோட்டாரின் அடியிலிருந்தே கேட்டாள்.

"பதினாறு" என்றாள் வாசலில் நின்ற தையல்காரி. "இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு. பதினாறும் மீசை. மேசை விரிப்புக்கு என்கிட்ட அளவு கொடுத்திருக்காங்க. ஆறு மீட்டர் வெள்ளைத் துணி, நாலு பக்கமும் தரை தொடணுமாம். கால் ஆடுறது வெளியே தெரியக்கூடாதுன்னு நினைக்கிறேன்."

"நமக்கு?"

"நமக்கா? நமக்கு டீ கொடுக்கிற வேலை. சர்க்கரை போட்டது எட்டு, போடாதது எட்டு. மாத்திக் கொடுத்தா மறுபடியும் சண்டை வந்துடும், பார்த்து."

பம்பு அக்கா சிரிக்கவில்லை. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்பேனரைச் சுவரில் அதன் ஆணியில் மாட்டினாள். அந்த ஸ்பேனரால்தான் இந்த ஊர் நாலு வருஷம் தண்ணீர் குடித்தது. அதை யாரும் எந்தக் காகிதத்திலும் எழுதப்போவதில்லை என்று அவளுக்கு அப்போதே தெரியும்.

கிணறும் பம்பும் இந்தப் பக்கம். மேட்டில் இருக்கும் தொட்டி அந்தப் பக்கம். நடுவே போகும் சாலைதான் சண்டையின் கோடு. இங்கிருந்து ஏற்றினால் அங்கே தொட்டி நிறையும், அங்கிருந்து இறங்கினால்தான் இரண்டு பக்கத்துக் குழாயிலும் தண்ணீர் வரும். போட்டவன் யாரோ, இப்படியொரு சண்டை வரும் என்று தெரிந்து போட்ட மாதிரி போட்டிருந்தான். தொட்டிக்குக் கீழே வால்வு அறை. அதைத் திறக்காமல் இங்கே பம்பைப் போட்டால், போக இடமில்லாத தண்ணீர் குழாய்க்குள் முட்டிக்கொண்டு நிற்கும். எங்கே பலவீனமோ அங்கே பிய்த்துக்கொண்டு வரும். பலவீனமான இடம் நடுச்சாலையில் இருந்தது. முதல் வருஷமே குண்டு விழுந்து உடைந்த இணைப்பு அது. டயர் ரப்பரும் இரும்புக் கம்பியும் சுற்றி ஒப்பேற்றியிருந்தார்கள்.

டெலிபோன் கம்பி அறுந்துபோன காலம். அங்கே வால்வு திறந்திருக்கிறதா என்று எப்படிக் கேட்பது? புருஷன் செத்த பத்தாம் நாள், பம்பு அக்கா பயத்தில் வியர்த்து ஒழுகிக்கொண்டு ஸ்பேனரை எடுத்துக் குழாயில் மூன்று முறை தட்டினாள். இரும்பு சத்தத்தை விழுங்காது. கொஞ்ச நேரம் கழித்து, மண்ணுக்கடியிலிருந்து, யாரோ பல்லைக் கடிப்பது போல இரண்டு தட்டு வந்தது. அன்றைக்கு ஏற்பட்டது அந்த விதி. மூன்று தட்டினால், போடட்டுமா? இரண்டு தட்டினால், திறந்தாச்சு, போடு. நிற்காமல் தட்டினால், நிறுத்து. அந்தப் பக்கம் தட்டுவதும் ஒரு பெண்தான் என்று பிறகு யாரோ சொன்னார்கள். முகம் தெரியாது. பம்பு அக்கா அவளுக்குத் தட்டுக்காரி என்று பேர் வைத்துக்கொண்டாள்.

ஆனால் துப்பாக்கி சுட்டுக்கொண்டிருந்தால் தட்டுக்காரி வால்வுக்கு எப்படி வருவாள்? மூன்று நாள் பதில் தட்டு வரவில்லை. தொட்டி காய்ந்தது. பம்பு அக்கா நேரே காவல் சாவடிக்குப் போனாள். மரக்கடைக்காரர் அப்போது சாவடிப் பொறுப்பில் இருந்தார்.

"காலைல ஆறு மணிலேர்ந்து எட்டு மணி வரைக்கும் சுடாதீங்க அண்ணே. அந்தப் பக்கத்துப் பொம்பளை வால்வுக்கு வரணும். அவ வரலேன்னா உங்க பசங்களுக்கும் தண்ணி இல்ல."

அவர் சிரித்தார். "பொம்பளைங்க சொல்லித்தான் சண்டை நடக்கணுமா?"

நாலாம் நாள் நாக்கு வறண்டதும் சிரிப்பு நின்றது. அந்தப் பக்கத்தில் தட்டுக்காரி தன் ஆட்களிடம் இதையே கேட்டு இதே சிரிப்பை வாங்கியிருந்தாள். இப்படித்தான் தண்ணீர் நேரம் உண்டாயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் நோயாளிகள் சாலையைக் கடந்தார்கள், பிணங்கள் கடந்தன, ஒரு பிரசவம்கூடக் கடந்தது. இரண்டு மணி நேரம் சுடாமல் இருக்க முடிந்தவர்களால் இருபத்திநாலு மணி நேரமும் இருக்க முடியாதா என்று பெண்கள் இரண்டு பக்கமும் வாய் விட்டுக் கேட்க ஆரம்பித்த பிறகுதான், பேச்சுவார்த்தை என்ற சொல் ஆண்களின் வாயில் வந்தது.

சாயங்காலம் வாத்தியார் ஒப்பந்த நகலைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூடம் இடிந்ததிலிருந்து அவருக்கு எழுத்து வேலைதான். மேசை மேல் வைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து, போட்டு, மறுபடி துடைத்தார்.

"என்ன வாத்தியாரே, கண்ணாடி தேஞ்சுடப் போகுது" என்றாள் தையல்காரி.

"நான் எழுதல. அவங்க சொல்லச் சொல்ல எழுதினேன். அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க."

பம்பு அக்கா எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். நாலாவது பிரிவு, இரு தலைவர்களின் தொலைநோக்கால் உருவான தண்ணீர் நேரத்தைப் பாராட்டியது. அதைப் படித்துவிட்டு மூக்கால் ஒரு சத்தம் விட்டாள். ஒன்பதாவது பிரிவில் விரல் நின்றுவிட்டது. 'நடந்தவை நடந்தவையாகவே இருக்கட்டும். காணாமல் போனவர்கள் குறித்து எத்தரப்பும் கேள்வி எழுப்பாது.'

அதை இரண்டு தடவை படித்தாள். மூன்றாம் தடவை படிக்க முடியவில்லை.

அவள் தங்கச்சி காணாமல் போனது தண்ணீர் நேரத்தில். அந்தத் தெருவில் வரிசைக்கு ஒரு நியாயம் உண்டு. கேன் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அடுப்பைப் பார்க்கவோ அழுகிற பிள்ளையைத் தூக்கவோ போகிறவள் கேனை விட்டுவிட்டுப் போகலாம். பின்னால் நிற்பவள் அதைக் காலால் நகர்த்திக்கொண்டே வருவாள், யாரும் அந்த இடத்தைப் பிடிக்கமாட்டார்கள். மூன்றாம் வருஷம் ஒரு காலை, சாவடி ஆட்கள் வரிசையை வெட்டித் தங்கள் பீப்பாய்களை முதலில் நிரப்பியபோது, தங்கச்சி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "பீப்பாய்க்கும் வரிசைதான், போய்ப் பின்னாடி நில்லுங்க" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. கொஞ்ச நேரத்தில் ஒருவன் வந்து, "ரெண்டு நிமிஷம் விசாரிக்கணும், வா" என்றான். அவள் நீலக் கேனை வைத்துவிட்டுப் போனாள். கேன் நகர்ந்தது. குழாயடிக்கு வந்தது. நிரம்பியது. அவள் வரவில்லை.

பின்னால் நின்று அந்தக் கேனைக் காலால் தள்ளியவள் தையல்காரி.

முதலில், மேலிடத்துக்கு அனுப்பியாச்சு என்றார்கள். பிறகு அந்தப் பக்கத்துக்காரர்கள் கடத்தியிருப்பார்கள் என்றார்கள். கடைசியில், யாருடனோ ஓடிப்போயிருப்பாள் என்றார்கள். பெண்கள் சாவடி முன்னால் கூடிக் கத்தியபோது தெருக்குழாயை மூன்று நாள் மூடினார்கள். கைக்குழந்தைகளோடு சேர்த்துத் தெருவே தவித்தது. நாலாம் நாள் யாரும் கத்தவில்லை.

பம்பு அக்கா காகிதத்தை மடித்தாள். "எங்கே போற?" என்று தையல்காரி கேட்பதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

மரக்கடையில் புதுப் பலகை அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஊர் பாதி இடிந்து கிடக்கும்போது பலகைக்கு என்ன பஞ்சம். மரத்தூள் வாசனை நடுவே, இப்போது இந்தப் பக்கத்துத் தலைவராகிவிட்ட மரக்கடைக்காரர் உட்கார்ந்து நாளைக்கான பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்.

"வாம்மா தங்கச்சி, உட்காரு."

"ஒன்பதாவதை எடுத்துடுங்க."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் போனது. "அது நான் வெச்சதில்லம்மா. அந்தப் பக்கம் பிடிவாதமா நிக்கிறாங்க. அது இல்லேன்னா கையெழுத்துப் போடமாட்டாங்களாம். ஒரு வரிக்காக மறுபடியும் பிணம் விழணுமா? நீயே சொல்லு."

"என் தங்கச்சி எங்கே அண்ணே?"

"எத்தனை தடவை சொல்றது..."

"மூணு தடவை சொல்லியிருக்கீங்க. மூணும் வேற வேற."

மரம் அறுக்கும் இயந்திரம் நின்றது. ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தினார். "உன் கஷ்டம் புரியுது. நீயும் எனக்குக் கூடப்பிறந்தவ மாதிரிதான். நாளைக்கு நல்ல நாள். பத்திரிகைக்காரங்க வர்றாங்க. நானும் அந்தப் பக்கத்துத் தலைவரும் சேர்ந்து பம்பு சுவிட்சைப் போடறோம், படம் பிடிக்கிறாங்க. நீயும் பின்னாடி நில்லு, படத்துல வருவ."

"மூணு தட்டு தட்டாம சுவிட்சைத் தொடாதீங்க."

"இன்னும் என்னம்மா தட்டு? அதெல்லாம் சண்டைக்கால சமாச்சாரம்" என்று சிரித்தார். ஆட்களும் சிரித்தார்கள். முதலாளி சிரித்தால் சிரிப்பது அவர்களுக்கு வேலையில் சேர்த்தி.

வீடு வரைக்கும் அவளுடைய கை விரல்கள் மூடித்தான் இருந்தன. பிரித்துப் பார்த்தபோது உள்ளங்கையில் நான்கு நகத் தடங்கள் பதிந்திருந்தன.

மறுநாள் காலை தண்ணீர் ஏற்றவில்லை. விழாவில்தான் ஏற்ற வேண்டும் என்று உத்தரவு. அதனால் பத்து மணிக்குப் பம்பு அறையில் பதினாறு நாற்காலியும் நிரம்பியபோது, வெளியே சாலையின் இரண்டு பக்கமும் பெண்கள் காலிக் கேன்களோடு நின்றார்கள். பம்பு அறைக் கதவு சாலையைப் பார்த்துத் திறந்திருந்தது. அந்தப் பக்கத்துத் தலைவர் வெள்ளைச் சட்டை போட்ட பருத்த மனிதர். அவரோடு ஏழு பேர். தட்டுக்காரியைக் காணவில்லை.

பேச்சுகள் முடிந்தன. புகைப்படக்காரர் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, "ஐயா, கொஞ்சம் சிரிச்ச மாதிரி" என்றார். இரு தலைவர்களும் எழுந்து சுவிட்சிடம் வந்தார்கள்.

பம்பு அக்கா ஸ்பேனரை எடுத்து மூன்று முறை தட்டினாள். குழாயில் காதை வைத்தாள். ஒன்றும் இல்லை. மறுபடி தட்டினாள்.

"பதில் வரல. வால்வு மூடியிருக்கு. போடாதீங்க."

"சரிம்மா, சரிம்மா" என்றார் மரக்கடைக்காரர், பிள்ளையை ஒதுக்குவது போல அவளைத் தோளால் ஒதுக்கியபடி. இரண்டு தலைவர்களின் விரலும் ஒன்றாகச் சுவிட்சை அழுத்தின. படம் எடுத்தார்கள். கை தட்டினார்கள்.

கைதட்டல் ஓய்வதற்குள் குழாய் முனக ஆரம்பித்தது. பம்பு அக்காவுக்கு அது என்ன சத்தம் என்று தெரியும். பாய்ந்து சுவிட்சை அணைப்பதற்குள், நடுச்சாலையில் டமார் என்று ஒரு வெடி. சேறும் கல்லும் கூரையில் வந்து விழுந்தன. பனைமர உயரத்துக்குத் தண்ணீர் எழுந்து, திறந்திருந்த கதவு வழியே உள்ளே அறைந்தது.

நாலு வருஷம் சண்டையை நடத்திய பதினாறு பேரும், கண் மூடித் திறப்பதற்குள், தரை தொடும் அந்த வெள்ளை விரிப்புக்குள் போய்விட்டார்கள். டீ கவிழ்ந்தது. ஒப்பந்தத்தின் இரண்டு பிரதியும் சேற்றுத் தண்ணீரில் மிதந்தன. பெண்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். குண்டுக்கும் குழாய்க்கும் வித்தியாசம் அவர்களுக்குத் தெரியும்.

தையல்காரி குனிந்து விரிப்பின் ஓரத்தைத் தூக்கினாள். "இன்னும் ரெண்டு மீட்டர் சேர்த்துத் தைச்சிருக்கணும். நெருக்கமா இருக்கா?"

பம்பு அக்கா அதற்குள் ஸ்பேனர், ரப்பர், கம்பியோடு சாலைக்கு இறங்கியிருந்தாள். தண்ணீர் வடிந்த பள்ளத்தில் குதித்தாள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருத்தி வந்து அதே பள்ளத்தில் குதித்தாள். குட்டையான பெண், நரைத்த முடியைக் கத்தரித்திருந்தாள், கையில் அதே அளவு ஸ்பேனர்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீதானா?" என்றாள் வந்தவள். "ஒல்லியா உயரமா இருப்பேன்னு நினைச்சேன். தட்டுற தட்டு அப்படி."

"ஏன் பதில் தட்டல?"

"எப்படித் தட்டுறது? வால்வு அறையைப் பூட்டிட்டு, சாவியை எங்க தலைவர் சட்டைப் பையில போட்டுட்டு வந்துட்டார். நேத்து ராத்திரி ஒன்பதாவது பிரிவைப் பத்தி வாயைத் திறந்தேன். நான் விழாவுல ஏதாவது பண்ணிடுவேன்னு பயம். பம்பைப் போட்டா தண்ணி தானா ஏறிடும்னு நினைச்சுட்டாங்க, புத்திசாலிங்க. அந்த முனையைப் பிடி."

பிடித்தாள். பழைய ரப்பரை அறுத்து எறிந்தார்கள்.

"ஒன்பதாவதை உங்க ஆளுங்கதான் கேட்டாங்களாமே" என்றாள் பம்பு அக்கா.

தட்டுக்காரியின் கை நின்றது. "எங்ககிட்ட, உங்க ஆளுங்க கேட்டாங்கன்னு சொன்னாங்க."

இருவரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பள்ளத்தின் விளிம்பில் நனைந்த கால்சட்டைகளோடு தலைவர்கள் நின்றார்கள்.

"உனக்கு யாரு?" என்று பம்பு அக்கா கேட்டாள்.

"பொண்ணு. பத்தொன்பது வயசு. எங்க சாவடியில எங்க ஆளுங்கதான் பிடிச்சாங்க. ஆனா நீங்க பிடிச்சுட்டுப் போனீங்கன்னு மூணு வருஷமா சொல்றாங்க. உனக்கு?"

"தங்கச்சி."

"அன்னைக்கு ஒரு மத்தியானம் முழுக்க நிறுத்தாம தட்டினியே. அன்னைக்கா?"

"ஆமா."

"என்னமோ ஆயிடுச்சுன்னு தெரிஞ்சுது. என்னன்னு கேக்கத் தட்டு இல்ல நம்மகிட்ட." கம்பியை முறுக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள்.

மேலே இருந்து தையல்காரி குனிந்தாள். "அக்கா, அப்படியே போட்டுட்டு மேல வா. ரெண்டு நாள் தண்ணி இல்லாம கிடக்கட்டும். ஒன்பதாவது என்ன, ஒன்பதையும் கிழிப்பாங்க."

பம்பு அக்காவுக்கு அந்த ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த மூன்று நாள், மூடிய குழாயை நக்கிய குழந்தை ஒன்று அவள் கண்ணில் இன்னும் இருந்தது. "தண்ணிய நிறுத்துறது அவனுங்க புத்தி. என்னை அதுக்குக் கூப்பிடாதே" என்று கத்தினாள். கத்தியது தையல்காரியிடம் மட்டும் அல்ல, தன்னிடமும்தான்.

இணைப்பு இறுகியது. தட்டுக்காரி பள்ளத்திலிருந்து ஏறி, சேற்றுக் கையைத் தன் தலைவர் முன்னால் நீட்டினாள். "சாவி."

"ஆள்கிட்ட கொடுத்து அனுப்பறேன், நீ போ."

"உங்க ஆளுக்கு எத்தனை சுற்றுன்னு தெரியுமா? பதினொண்ணு. பன்னிரண்டு சுத்தினா கழுத்து உடையும். வால்வோட கழுத்தைச் சொல்றேன்."

இரண்டு பக்க வரிசையும் அந்தச் சட்டைப் பையையே பார்த்தது. சாவி வெளியே வந்தது.

மூன்று தட்டு. கொஞ்ச நேரம் கழித்து இரண்டு தட்டு. பம்பு ஓடியது. குழாயில் தண்ணீர் வந்தது.

அறைக்குள் வாத்தியார் புதுத் தாளில் ஒப்பந்தத்தை மறுபடி எழுத உட்கார்ந்தார். கேன்களை நிரப்பிய பெண்கள் வீட்டுக்குப் போகாமல் உள்ளே வந்தார்கள். மேசையைச் சுற்றி நின்றார்கள். தட்டுக்காரியும் திரும்பி வந்து ஒரு காலி நாற்காலியில் உட்கார்ந்தாள். வாத்தியார் எட்டு முடித்துவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்தார்.

"ஒன்பது?"

"காணாமல் போன ஒவ்வொருத்தரும் எங்கேன்னு கேக்கப்படும்" என்றாள் பம்பு அக்கா. "கேட்டா பதில் சொல்லணும். எழுதுங்க."

வாத்தியார் கண்ணாடியைத் துடைக்கவில்லை. எழுதினார்.

மரக்கடைக்காரர் எழுந்தார். "இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன். சண்டை திரும்ப வந்தா, அதுக்கு இவதான் பொறுப்பு. எல்லாரும் கேட்டுக்குங்க." அந்தப் பக்கத்துத் தலைவர், "அவர் போட்டா நானும் போடறேன்" என்று அவர் பின்னாலேயே எழுந்தார். பத்திரிகைக்காரர்கள் போனார்கள். நாற்காலிகள் காலியாயின.

தெருவில் எல்லோரும் அவளைத் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. "வந்த சமாதானத்தை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டியே" என்றாள் எதிர்வீட்டுக்காரி. அவளுக்கு எட்டு வயதில் ஒரு பிள்ளை, இன்னும் கதவு சாத்தினால் காதைப் பொத்துகிற பிள்ளை.

மறுநாள் ஆறு மணிக்கு அவள் மூன்று முறை தட்டினாள். இரண்டு தட்டு வந்தது. எட்டு மணி ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. எங்கும் ஒரு வெடிச் சத்தமும் இல்லை.

அப்போது அவள் நீலக் கேனைக் கொண்டுவந்து குழாயில் நிரப்பினாள். தூக்கிக்கொண்டு மரக்கடை வரை நடந்து, பெரிய கதவின் நேர் முன்னால், நடு வழியில் வைத்தாள். வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

தையல்காரி பார்த்துக்கொண்டே வந்தாள். தன் கேனைக் கொண்டுபோய் அதன் பின்னால் வைத்தாள். அவள் அண்ணன் மகனும் திரும்பி வராதவன்தான். மத்தியானத்துக்குள் பதினெட்டு கேன். சாயங்காலம் எதிர்வீட்டுக்காரி, தன் ஓரகத்திக்காக ஒரு பழைய மஞ்சள் கேனை எடுத்து வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனாள்.

பலகை ஏற்றிய லாரி கதவு வரை வந்து நின்றது.

"ஏத்துடா மேல!" என்றார் மரக்கடைக்காரர்.

ஓட்டுநர் இறங்கி வந்து வரிசையைப் பார்த்தான். "முடியாது முதலாளி. அந்த மூணாவது கேன் என் மச்சினி."

"பிளாஸ்டிக் கேன்டா அது!"

"வரிசையில நிக்குது முதலாளி. எங்க தெருவுல கேன் நின்னா ஆள் நின்ன மாதிரி."

வேலையாட்களிடம் எடுத்து ஓரமாக வைக்கச் சொன்னார். ஒருவன் குனிந்தான். வரிசையின் கடைசி வரை ஒருமுறை பார்த்தான். நிமிர்ந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். அன்றைக்கு அவர் சிரித்தபோது சிரித்த அதே ஆள்.

மூன்றாம் நாள் தட்டுக்காரி சாலையைக் கடந்து வந்தாள். தங்கள் பக்கத்துத் தலைவர் வீட்டு வாசலிலும் இருபத்தாறு கேன் நிற்பதாகவும், முந்தின நாளே அவர் கையெழுத்துப் போட்டுவிட்டதாகவும் சொன்னாள். "போட்டுட்டு, 'இனிமே எடுங்க'ன்னார். பதில் சொல்றது யாருன்னு கேட்டேன். உள்ளே போயிட்டார். கேன் அங்கேயே நிக்குது."

நாலாம் நாள் மரக்கடைக் கதவு திறந்தது. அவர் தனியாக வந்தார். சவரம் செய்யாத முகம். சட்டைப் பையில் பேனா. வரிசைக்கு முன்னால் பம்பு அக்காவும் காகிதத்தோடு வாத்தியாரும் நின்றார்கள். பின்னால் அதற்குள் முப்பதைத் தாண்டிவிட்ட கேன்கள், கேன்களுக்குப் பின்னால் பெண்கள்.

"கொடு. போட்டுத் தொலைக்கறேன்."

"கையெழுத்து கடைசில" என்றாள் அவள். "வரிசைன்னா வரிசைதான். முதல்ல இது." நீலக் கேனைக் காட்டினாள். "ரெண்டு நிமிஷம்னு கூட்டிட்டுப் போனீங்க. எங்கே?"

அவர் கேனைப் பார்த்தார். மூடி தொலைந்து, துணி அடைத்து வைத்திருந்த கேன். அவர் வாய் இரண்டு தடவை திறந்து மூடியது. அவள் அண்ணே என்று கூப்பிடவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை. வரிசை முழுக்க, தண்ணீருக்கு நிற்கும் பொறுமையோடு நின்றது. நாலு வருஷம் பழகிய பொறுமை. அதற்கு அவசரம் கிடையாது.

"பழைய செங்கல் சூளைக்குப் பின்னாடி" என்றார் கடைசியில். குரல் அவருடையது போல இல்லை. "அன்னைக்கே. நான் தடுத்திருக்கலாம்."

தையல்காரியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

பம்பு அக்கா அழவில்லை. அழுகை அவளுக்குள் எங்கோ, மூடிய வால்வில் வந்து முட்டி நின்றது. அங்கேயே நிற்கட்டும், இன்னும் முப்பது கேன் இருக்கிறது.

"எழுதுங்க வாத்தியாரே. சூளைக்குப் பின்னாடி. அன்னைக்கே. தடுத்திருக்கலாம். அதையும் எழுதுங்க."

வாத்தியார் எழுதி முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு நீலக் கேனை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுத்த கேனைக் காலால் அவர் முன்னால் நகர்த்தினாள்.